பத்தியம் முடியாத மச்சான்

உடம்புக்கு முடியவில்லை என்றால் வைத்தியரிடம் போகலாம். வைத்தியர் சொந்த மச்சானாகவே இருந்துவிட்டால் இன்னும் வசதி, கூப்பிடாமலேயே வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் அந்த மச்சான் உலகப் புகழ் பெற்றுவிட்டார் என்றால் ஆளை மறந்துவிட வேண்டியதுதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உகயாலி ஆறு எங்கள் ஊரை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. இந்த வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டைத் தின்றது. கரை இடிந்து விழுந்தபோது என் மகள் மில்கா கையில் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தாள். மண்ணும் கூரையும் அடுப்பும் அவளும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள். நான் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன், அப்படியே குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டேன். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் பிள்ளை முழுசாக வரவில்லை. அவளுக்குள் இருந்த என்னவோ ஒன்று தண்ணீரிலேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. பானை மூடி விழுந்தால் தூக்கிவாரிப் போடுகிறது. தூங்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். எந்நேரமும் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, கேட்டால் மட்டும் தலையாட்டுகிறாள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

சுகாதார நிலையத்து நர்ஸ் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். "பயந்ததுக்கு ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன். "அரசாங்கம் பயத்துக்கு ஒண்ணும் அனுப்பலை" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கே ஊசி வந்து சேரவில்லை.

பயந்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஷிபிபோ சனங்களுக்கு நன்றாகத் தெரியும். வைத்தியர் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, காட்டுப் புகையிலைச் சுருட்டைப் பற்றவைத்து, உச்சந்தலையில் புகையை ஊதுவார். மெல்லிய குரலில் பாட்டுப் பாடிப் பேரைச் சொல்லித் திரும்பக் கூப்பிடுவார். மரவள்ளிக்கிழங்கு வேகிற நேரம்கூட ஆகாது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, அம்மா பசிக்குது என்று சொல்லும். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படி ஊதியவர் டெமெத்ரியோ. என் மனைவி நெலிடாவின் கூடப்பிறந்த அண்ணன். கூலியாக ஒரு கோழி கொடுத்தாலும் சரி, வாழைத்தார் கொடுத்தாலும் சரி, இல்லாதவன் சிரித்தாலே போதும் என்பார்.

மற்ற வைத்தியர்களை, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிற இல்லங்கள் ஆளுக்கொன்றாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. இப்போது எங்கள் ஆற்றங்கரையில் வைத்திய இல்லங்களுக்குக் குறைவே இல்லை, வைத்தியருக்குத்தான் பஞ்சம். டெமெத்ரியோ இருப்பது 'தாய்வேர் ஞான இல்லம்'. எங்கள் ஊரிலிருந்து ஆற்றில் இரண்டு வளைவு தாண்டினால் வந்துவிடும். அதன் மோட்டார் சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

ஓடத்தைக் கட்டிவிட்டு வாசலுக்குப் போனேன். அங்கே என் சித்தப்பா மகன் எல்மர் நின்றிருந்தான். தலையில் பஞ்சவர்ணக்கிளி இறகுக் கிரீடம், முகமெல்லாம் சிவப்புச் சாயம், கையில் ஒரு ஈட்டி. அந்த மாதிரிக் கிரீடம் எங்கள் சனத்தில் எவன் தலையிலும் நான் பார்த்ததில்லை. போன மழைக்கு முன்வரை இவன் படகுத்துறையில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தவன்.

"என்னடா வேஷம் இது?"

"வேஷம் இல்லண்ணே, யூனிஃபார்ம்."

"சரி, மச்சானைக் கூப்பிடு. மில்காவுக்கு ஊதணும்."

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மெதுவாப் பேசுங்கண்ணே. இங்க அவரு மச்சான் இல்ல, மாயெஸ்த்ரோ. பெரிய ஆசான்னு அர்த்தம். போன வாரம் சமையக்காரம்மா வாய் தவறி டெமெத்ரியோன்னு கூப்டுட்டாங்க. அவங்களைத் தனியா உக்காரவெச்சு மூச்சுப் பயிற்சி குடுத்துட்டாங்க."

"நான் அவரு தங்கச்சி புருஷன்டா!"

"அதாண்ணே சிக்கலே. யாரோ எவரோன்னா விட்டுருவேன்."

காதைச் சொறிந்துகொண்டான். பிறகு மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்க ஆரம்பித்தான். "கடைசியா பன்னிக்கறி எப்ப சாப்ட்டீங்க? மிளகா எப்ப? உப்பு எப்ப? அண்ணிகூட எப்ப..."

"டேய்! உங்க அண்ணிகூட நான் எப்பப் படுத்தா உனக்கென்னடா?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. இல்லம் கேக்குது."

காலையில் கருவாடு தின்றிருந்தேன். என் கையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். ஏதோ இலை ஊறிய தண்ணீரில் என்னை முழங்கை வரை கழுவவைத்து, பையில் இருந்த கருவாட்டைப் பிடுங்கி ஒரு பீப்பாயில் போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே அனுப்பினான்.

உள்ளே ஃபியோரெல்லா அம்மையார் உட்கார்ந்திருந்தார். தலைநகர் லிமாக்காரர், மனசு சம்பந்தமாகப் படித்தவர், வெள்ளை உடுப்பு. என்னை ஒரு மெத்தையில் உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மூச்சு விட்டார். ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன். அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"உங்க நோக்கம் என்ன ரொமெல்?"

"என் மச்சானைப் பார்க்கணுங்க."

"அது ஆசை. நான் நோக்கத்தைக் கேக்கறேன்."

"என் பொண்ணு சாப்பிட மாட்டேங்குறா."

"அது புகார்."

"அவ சாப்பிடணும்."

"அது எதிர்பார்ப்பு. கொடிக்கு எதிர்பார்ப்பு பிடிக்காது."

கொடி என்றால் அவர்கள் விருந்தாளிகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற கஷாயக் கொடி. அதே கொடி எங்கள் கக்கூஸ் பின்னாலும் படர்ந்து கிடக்கிறது. அதற்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இந்த மருத்துவம் உங்க மக்களோட சொத்து ரொமெல்" என்றார் அம்மையார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. "எத்தனையோ தலைமுறையா நீங்க பாதுகாத்து வெச்சிருக்கீங்க. இதை யாரும் கெடுத்துடக் கூடாதுன்னுதான் நாங்க சுத்தி வேலி போட்டிருக்கோம்."

"யாருங்க கெடுக்குறாங்க?"

"பக்கத்து ஊர்க்காரங்க."

"பக்கத்து ஊர் நாங்கதானே?"

"பாருங்க, உங்களுக்கே புரியுது."

எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. "ஒரே ஒரு பிள்ளைங்க. ஒரு சுருட்டு நேரம்" என்றேன்.

"இன்னிக்கு ஒரு குழந்தைன்னு ஆரம்பிப்பீங்க. நாளைக்கு பயந்த குழந்தைங்க எல்லாம் வந்து நிக்கும். இது குணப்படுத்தற இடம் ரொமெல். இங்க நோயாளிங்க கூட்டம் போட்டா எப்படி?"

"அடக் கடவுளே, வைத்தியர் வீட்டுக்கு நோயாளி வராம வேற யாரும்மா வருவாங்க?"

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "உங்க கோபத்தை நான் வரவேற்கிறேன்" என்றார். கோபத்தைத்தான் வரவேற்றார்கள், என்னை எல்மரோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நானும் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை, மச்சான் குளிக்க வருகிற துறைக்கு நேராக ஓடத்தை விட்டேன். பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மனுஷன், விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டார்.

"வாங்க மாப்ள" என்றவர், நான் கிட்டே போகப் போக இரண்டடி பின்னால் நகர்ந்தார். "அங்கயே நில்லுங்க. தொட்டுராதீங்க. பத்தியம் இன்னும் முடியலை."

பத்தியம் என்றால் எங்களுக்கு விளையாட்டில்லை. வைத்தியர் ஒரு மரத்தின் பட்டையைக் குடித்துவிட்டுத் தனியாக இருப்பார். உப்பு, மிளகாய், இனிப்பு, பன்றிக்கறி, பெண்டாட்டி எதுவும் கிடையாது. வெறும் வாழைக்காயும் சின்ன மீனும் வேகவைத்துத் தின்பார். அந்த நாட்களில் மரத்தின் வீரியம் அவர் உடம்பில் கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது சின்னப் பிள்ளையைத் தொட்டால் வீரியம் பிள்ளைக்குப் பட்டுவிடும், பிள்ளை பிழைக்காது. காலம் முடிந்ததும் உப்பு, எலுமிச்சை, மிளகாய் மூன்றையும், முக்கியமாக உப்பை, நாக்கில் வைத்துப் பத்தியத்தை முடிப்பார்கள். அதற்குப் பிறகு அவரும் நம்மைப்போல மனுஷன்தான், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். நடுவில் பத்தியத்தை மீறுவதற்கும் முறையாக முடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மச்சானுக்கு முடிக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. அவர் ஆரம்பித்தது போன வெள்ளத்துக்கு முந்தி.

"இன்னும் ஏன் முடிக்கலை?"

"விட்டாத்தானே மாப்ள. 'பத்தியமே முடிக்காத ஒரே மாயெஸ்த்ரோ'ன்னு உலகம் பூரா விளம்பரம் போட்டுட்டாங்க. இந்தக் கூட்டம் போகட்டும், முடிச்சுக்கலாம்பாங்க. அது போறதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்து இறங்கிரும். அவங்களும் பத்தியத்துல இருக்கற ஆளைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வர்றாங்க."

"ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நக்கிட்டு வர வேண்டியதுதானே மச்சான்?"

"எங்க இருக்கு உப்பு? விருந்தாளிக்கும் பத்தியம், வேலைக்காரனுக்கும் பத்தியம். ஒரு கல்லு உப்பு உள்ள வராது. எல்மர் மோந்து பார்த்தே புடிச்சுருவான், நாய்க்குப் பொறந்தவன்."

"அப்ப வெளிய வந்துருங்க."

"என் பெரிய பையன் புகல்பா டவுன்ல படிக்கிறானே. இல்லம்தான் படிக்கவைக்குது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மருமக அங்க செத்துக்கிட்டு இருக்கா. ரோஷம் வேணாமா மச்சான்? உப்புப் போட்டுத்தானே சோறு தின்னுறீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "இல்லையே மாப்ள" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். நாளைக்கே உப்பு கொண்டுவருகிறேன் என்று சொல்வதற்குள் மேட்டில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் வந்து நின்று எங்களைப் படம் எடுத்தது. மாயெஸ்த்ரோ வாயைத் திறந்து பேசியதால் தங்கள் மௌனம் கலைந்துவிட்டதாக அவர்களில் ஒருவர் புகார் சொல்லிவிட்டார். அன்றைக்கே மச்சானின் குளியலைச் சுற்றுச்சுவருக்குள் ஒரு தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

மில்கா அந்த வாரம் வாழைப்பழக் கூழையும் நிறுத்திவிட்டாள். தண்ணீரை மட்டும் குடித்தாள், அதுவும் ஆற்றுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. நெலிடா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானே ஒரு சுருட்டை வாங்கிப் பிள்ளை தலையில் ஊதிப் பார்த்தேன். பாட்டுத் தெரியாதவன் ஊதினால் அது வெறும் புகை. பிள்ளை இருமினாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் எல்மர் சேதி கொண்டுவந்தான். கூட்டம் ஊருக்குத் திரும்பும் முன்னால் 'நன்றி நாள்' கொண்டாடுவார்களாம். ஊர்க்காரர்கள் வரலாம், பெண்கள் எம்பிராய்டரித் துணி விற்கலாம். பிள்ளைகள் கட்டாயம் வேண்டுமாம். ஃபுட்பால் பனியன் கூடாது, ரப்பர் செருப்பு கூடாது, கேட்டால் சிரிக்க வேண்டும்.

"மில்கா சிரிக்க மாட்டாளேடா" என்றேன்.

"பரவாயில்லண்ணே. சோகமா இருந்தாலும் படம் நல்லாத்தான் வரும்."

வழி சொன்னது நெலிடாதான். நன்றி நாளில் ஊர்ப் பெண் ஒருத்தி மாயெஸ்த்ரோவுக்குத் துணி போர்த்துவது வழக்கமாம். தானே போர்த்திவிடுவதாக எல்மரிடம் சொல்லிவைத்தாள். தான் தைத்ததிலேயே நல்ல துணியை எடுத்து, ஓரத்து மடிப்பைப் பிரித்து, இலையில் பொதிந்த உப்பையும் ஒரு காய்ந்த மிளகாயையும் உள்ளே வைத்துத் தைத்தாள். எலுமிச்சைக்குக் கவலை இல்லை, விருந்தாளிகள் கை கழுவ அங்கேயே கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கிறார்களாம். வாசலில் எல்மர் மோந்தபோது துணியில் வெங்காய வாடை, புகை வாடை, பிள்ளை மூத்திர வாடை எல்லாம் அடித்ததில் உப்பு அவனுக்குத் தட்டுப்படவில்லை.

பெரிய வட்டக் கூடாரம். விருந்தாளிகள் எல்லாரும் வெள்ளை உடையில், கஷாயம் குடித்தால் வாந்தி வருமே, அதற்கு ஆளுக்கொரு வாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மச்சான், எல்மரைவிடப் பெரிய கிரீடத்தோடு. அவர் பக்கத்தில் இல்லத்தை நிறுவிய கிரிஃபின் துரை, கொலராடோக்காரர். அவர் எழுந்து, ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக எடுத்துவைத்துப் பேசினார்.

"சகோதரர்களே. என் நாட்டில் எனக்கு ஒரு நிறுவனம் இருந்தது. ஆனால் நான் வெறுமையாக இருந்தேன். இங்கே வந்தேன். உங்கள் கொடி என்னோடு பேசியது. 'கிரிஃபின், இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லை' என்று அது சொன்னது. நான் அழுதேன். பிறகு அதை வாங்கினேன்."

எல்லாரும் நெஞ்சில் கை வைத்தார்கள்.

"இன்று நாங்கள் திருப்பித் தருகிறோம். உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட எல்லாவற்றுக்கும் பதிலாக, எங்கள் நன்றியைத் தருகிறோம்."

உடனே விருந்தாளிகள் எழுந்து ஆளுக்கொரு ஊர்க்காரரைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். என் கையைப் பிடித்தவர் தேம்பித் தேம்பி அழுதார். தன் முன்னோர்கள் என் முன்னோர்களுக்குச் செய்ததை மன்னிக்க வேண்டும் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன், டென்மார்க் என்றார். டென்மார்க் எங்களுக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. பரவாயில்லைங்க, விடுங்க என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மில்கா என் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒளிந்திருந்தாள். கிரிஃபின் துரை அவள் முன்னால் மண்டியிட்டார்.

"இந்தக் குழந்தையிடம் பயம் இருக்கிறது."

"ஆமாங்க! அதைத்தாங்க அன்னிக்கு நான்..."

"பயம் ஒரு ஆசிரியர்" என்றார். "நானே இவளுக்குப் பாடுகிறேன். மாயெஸ்த்ரோ எனக்குப் பாட்டுகளைக் கொடுத்திருக்கிறார்."

வேண்டாங்க என்று சொல்வதற்குள் யாரோ அவர் கையில் ஒரு மேளத்தைக் கொடுத்துவிட்டார்கள். மேளத்துக்கும் எங்கள் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை காதுக்குப் பக்கத்தில் வைத்து அறைந்துகொண்டே, கண்ணை மூடி, எங்கள் மொழியில் உருக்கமாகப் பாடினார். எங்கள் பெண்கள் மரவள்ளிக் கள் குடித்துவிட்டுப் புருஷனைக் கிண்டல் பண்ணிப் பாடுகிற பாட்டு அது. பானை காலியாகிவிட்டது, படுத்துக் கிடக்கிற சோம்பேறியே, எழுந்து விறகு பிள என்று வரும். ஊர்ப் பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் நானும் உருண்டு புரண்டு சிரித்திருப்பேன்.

மேளம் அறைய அறைய மில்கா விறைத்துப் போனாள். நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். "பயம் வெளியேறுகிறது!" என்று யாரோ கத்த, கூடாரமே கைதட்டியது. நான் மேளத்தைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அவள் நெஞ்சு என் தோளில் படபடவென்று அடித்தது.

நெலிடா அதற்கு மேல் பொறுக்கவில்லை. துணியைக் கையில் ஏந்திக்கொண்டு அண்ணனைப் பார்த்து நடந்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். அப்போது பிரிஜிட் என்ற வயதான அம்மாள் வழியில் குறுக்கிட்டு, துணியை ஆசையாகத் தொட்டு, "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டாள்.

நெலிடாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பெண்கள் நடக்கப் பழகிய நாளிலிருந்து புகல்பா தெருக்களில் துணி விற்பவர்கள். வெள்ளைக்காரி ஒருத்தி துணியைத் தொட்டால் வாய் தானாக விலையைச் சொல்லிவிடும். இவளும் சொல்லிவிட்டாள். பிரிஜிட் அம்மாள் பேரம் பேசாமல் காசைக் கையில் திணித்துத் துணியை வாங்கிக்கொண்டாள். நெலிடா திறந்த வாயோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"அம்மா, அது விக்கிறதுக்கு இல்ல, வேற தர்றோம்!" என்று ஓடினேன். அதற்குள் அந்த அம்மாள் துணியை முகத்தில் புதைத்து, ஓரத்தைத் தடவி, "உள்ளே ஏதோ பரிசு இருக்கிறது!" என்று தையலைப் பிரித்துவிட்டாள். இலைப் பொட்டலத்தைத் திறந்தாள், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு!" என்று வீறிட்டாள்.

எல்மர் சங்கை எடுத்து ஊதினான். அங்கே விழுந்த அமளியைச் சொல்லி மாளாது. கரை இடிந்த அன்றைக்குக்கூட எங்கள் ஊர் அப்படி ஓடவில்லை. பிரிஜிட் அம்மாளை வாளிக்கு மேல் குனியவைத்து முதுகைத் தேய்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே வாளியை எடுத்துக்கொண்டார்கள். கருமம், எனக்கே குமட்டியது. உப்பு சிந்திய இடத்தைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டார்கள். இரண்டு பேர் இலைக்கொத்தால் காற்றைப் பெருக்கினார்கள்.

கிரிஃபின் துரை கையை உயர்த்தினார். "உப்பு கடலுடையது. நாம் காட்டுடையவர்கள். அது ஒரு துளி உள்ளே போனாலும் நாம் இதுவரை செய்த உழைப்பு எல்லாம் வீண். பயப்படாதீர்கள். பணம் திரும்பத் தரப்படாது என்றாலும் நாங்கள் உங்களோடு இருக்கிறோம்."

டென்மார்க்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "நான் காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன். கண்ணீரிலும் உப்பு இருக்கிறதே?"

கிரிஃபினும் ஃபியோரெல்லா அம்மையாரும் ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அம்மையார் அறிவித்தார். "அழுகை புனிதமானது. யாரும் அடக்க வேண்டாம். வாய்க்குள்ள மட்டும் போக விடாதீங்க." வேலைக்காரர்கள் எல்லாருக்கும் வெள்ளைப் பஞ்சுத் துணி கொடுத்தார்கள்.

நான் நடுவில் போய் நின்றேன். "அந்த உப்பு என் மச்சானுக்குங்க" என்றேன். "அவரு பத்தியத்த முடிச்சாத்தான் என் பொண்ணத் தொட முடியும். காலம் எப்பவோ முடிஞ்சு போச்சு. உப்பும் மிளகாயும் இதோ கீழ கிடக்கு, எலுமிச்சை உங்ககிட்டயே இருக்கு. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், முடிக்க விடுங்க. பிள்ளை சாப்பிட்டுப் பல நாளாச்சு."

எல்லாரும் கேட்டார்கள். அப்படி ஒரு கவனத்தோடு என் பேச்சை வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. சிலர் தலையாட்டினார்கள், சிலர் பஞ்சுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"உன் உண்மைக்கு நன்றி, சகோதரா" என்றார் கிரிஃபின் துரை. "மாயெஸ்த்ரோ, இங்கே யாரும் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. நீங்கள் சுதந்திரமானவர். முடிக்க விரும்புகிறீர்களா?"

"உங்க பையன் படிப்பையும் யோசிச்சுக்கங்க மாயெஸ்த்ரோ" என்றார் ஃபியோரெல்லா அம்மையார் அன்பாக. "அடுத்த குழு விமானம் ஏறியாச்சு."

என் தோளில் கிடந்த மில்கா தலையைத் தூக்கினாள். "மாமா" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய சொல் அது.

மச்சான் ஒரு எட்டு முன்னால் வைத்தார். உடனே நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், தவறிக்கூடப் பிள்ளை மேல் பட்டுவிடக் கூடாது என்று. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. முகத்துச் சிவப்புச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு கன்னம் வழியாக வந்தது. அவர் துடைக்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தார்.

அவர் என்ன செய்யப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நெலிடாவுக்கும் புரிந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்துரு, வந்துரு என்று மனசுக்குள் அந்தக் கண்ணீரைக் கும்பிட்டேன்.

ஃபியோரெல்லா அம்மையாருக்கும் புரிந்துவிட்டது. ஓடி வந்து, உதட்டுக்கு ஒரு விரல் மேலே இருக்கும்போதே, சுத்தமான பஞ்சுத் துணியால் அதைத் துடைத்துவிட்டார். அடுத்த கண்ணையும் துடைத்தார். கண்ணீர் நிற்கும் வரை ஆதரவாகப் பக்கத்திலேயே நின்று துடைத்துக்கொண்டிருந்தார். மாயெஸ்த்ரோவே அழுதுவிட்டார் என்று விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

எங்களை அவர்கள் திட்டவில்லை. கிளம்பும்போது கிரிஃபின் துரை மில்காவின் தலையில் கை வைத்து, இவளுக்கு இல்லத்தில் இலவசமாக ஒரு இடம் உண்டு என்றார். இல்லத்தின் விதிப்படி பதினெட்டு வயது நிரம்பியதும் வரலாம். வாசலில் எல்மர் எங்கள் செருப்பைத் திருப்பிக் கொடுத்தான். "மன்னிச்சுருங்கண்ணே" என்றான், கிரீடத்தைக் கழற்றாமலேயே. அன்றைக்குப் பிடுங்கிய கருவாட்டைக் கேட்டேன், திருப்பித் தர விதியில்லை என்றான்.

அன்றைக்கு நெலிடா மீன் சூப் வைத்தாள். மூன்று கிண்ணத்தில் ஊற்றி மூவருக்கும் வைத்தாள், அவள் கிண்ணத்தை அவளே தொடவில்லை. மில்கா ஆவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா ஏம்ப்பா அழுதாரு?"

"பசிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினாள்.

"இத மாமாவுக்குக் குடுத்துட்டு வாப்பா. எனக்கு வேணாம்."

"அம்மா அதுல உப்புப் போட்டுட்டாளேம்மா" என்றேன். "உள்ள விட மாட்டாங்க."